மூன்று கூம்பு மணல்

நிரம்பவில்லை என்று சொன்னேன், அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத்தான் இப்போது வகுப்பறைக்கு வெளியே என் குட்டியானை வண்டியில் உட்கார்ந்து, கிழிந்த பெட்டி அட்டையில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளியை விட்டு நின்று இத்தனை வருஷம் கழித்துக் கணக்கு வகுப்பிலிருந்து என்னைத் துரத்தியிருக்கிறார்கள். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உன் மலைக்குத்தான் வந்திருக்கிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து இந்தப் பள்ளிக்கு ஏற்றி வந்த லோடு முழுக்கக் கணக்குப் பெட்டிகள். டீச்சர் ஒன்றைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை அடித்தது. உள்ளே மஞ்சள் கூம்பு. நம் ஒன்பதாம் வகுப்பு அப்படியே மூக்கில் ஏறியது.

நம் பள்ளியில் அந்தப் பெட்டி பீரோவுக்குள் தூங்கும். அதிகாரி வந்தால்தான் எழுப்புவார்கள். அந்த முறை ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. நீளம் தாண்டும் குழியிலிருந்து நான் மணல் அள்ளி வர வேண்டும். நீ கூம்பை நிரப்பி உருளையில் கொட்ட வேண்டும். வாயும் உயரமும் ஒன்றானால் மூன்று கூம்பு மணலில் உருளை நிரம்பும், அதுதான் பாடம். மூன்றாவது கொட்டியதும் வகுப்பே “மூணு!” என்று கத்த வேண்டும். பிறகு பட்டாசுக் கைதட்டல். ஒத்திகைக்கு மணல் கிடையாது, வெறும் கூம்பைத்தான் கவிழ்த்தாய். “மணல் செதறினா எவன்டா கூட்றது?” என்றார் சார்.

அதிகாரி வந்த அன்றுதான் நிஜ மணல். ஒன்று, இரண்டு, மூன்று. “மூணு!” கத்தினோம், தட்டினோம். உருளையின் மேல்பக்கம் மூன்று விரல் காலியாக இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. முன்வரிசைக்கும் தெரிந்தது. நீ மட்டும் குனிந்து பார்த்தாய்.

“சார், இன்னும் ரொம்பல. நாலாவது ஊத்தட்டா?”

அதிகாரி போனில் பேசிக்கொண்டே “குட், குட்” என்று வெளியே நடந்தார். நீ விடவில்லை. கூம்பையும் உருளையையும் ஒட்டி நிறுத்தி விரல் வைத்து அளந்தாய். எந்தக் காலத்திலோ கூம்பு தொலைந்து, வேறு பெட்டிக் கூம்பை இதில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

“சார், வாய் ரெண்டுக்கும் ஒண்ணுதான். கூம்பு மூணு வெரலு குட்டை. காலியும் அதே மூணு வெரலு! பாருங்க சார்!”

அந்த வருஷம் முழுக்க அந்த வகுப்பில் யாராவது கணக்குப் போட்டார்கள் என்றால் அந்த ஒரு நிமிஷம்தான். போட்டது நீ ஒருவன்தான்.

சார் கதவைச் சாத்தினார். “மலையில ஆடு மேச்சுக்கினு கெடந்தவனுக்கு வாயப் பாரு. இத்தினி பேரு மூணுன்றான், எல்லாம் மடையனா?” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீதான பக்கத்துல நின்ன? ரொம்புச்சா, இல்லியா?”

“ரொம்புச்சு சார்.”

அதற்கும் ஒரு கைதட்டல் போடச் சொன்னார்.

அன்று முதல் கணக்கு வகுப்பு உனக்கு வராந்தாவில். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கேட்டாய். “ஏன்டா, உனக்குக் கண்ணு தெரியலியா, வாயி வர்லியா?”

“உன்னோட சேந்து நானும் வெளிய குந்தணுமா இன்னா?”

“குந்திப் பாரு. காத்து சூப்பரா வருது.”

காலாண்டு லீவுக்கு மலை ஏறியவன் திரும்பி வரவேயில்லை. அடுத்த வருஷம் நானும் நின்றுவிட்டேன். போன மழைக்காலத்தில் வளைவில் கவிழ்ந்த மரவள்ளி வண்டியோடு நீயும் போய்விட்டாய் என்பது பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ரொம்பலடா, எனக்கும் தெரிஞ்சுது என்று உன்னிடம் நான் சொல்லவே இல்லை. சொல்ல ஐந்து வருஷம் இருந்தது.

இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? இந்த டீச்சருக்கு என் அக்கா வயதுதான் இருக்கும். “தம்பி, இந்த போனக் கொஞ்சம் புடிங்க. பசங்க ஈடுபாட்டோட கணக்கு கத்துக்கறாங்கன்னு வீடியோ அனுப்பணும்” என்றார். புது உருளையில் கீறல் விழுமாம், அதனால் பழைய உருளை. கூம்பு மட்டும் புதுசு. இரட்டைச்சடை போட்ட ஒரு பெண் மணலைக் கொட்டினாள். “மூணு!” முப்பது பேரும் தட்டினார்கள். போன் திரையில் அந்தக் காலி இடம் தெரிந்தது.

கையைத் தூக்கச் சொல்கிறார்கள், கத்தச் சொல்கிறார்கள், தட்டச் சொல்கிறார்கள். உருளைக்குள் எட்டிப் பார்க்க மட்டும் ஒருத்தரையும் விடுவதில்லை. இதற்குப் பெயர் ஈடுபாடாம். தூ! டீச்சரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? அன்றைக்கு இருந்ததிலேயே பெரிய குரல் என்னுடையதுதானே.

“ரொம்பல டீச்சர்” என்றேன். வீடியோவிலும் அது விழுந்துவிட்டது.

“வண்டி ஓட்ற உங்களுக்கு இன்னாங்க தெரியும்? எறக்கியாச்சில்ல, வெளிய இருங்க. கையெழுத்து அப்புறம் போட்டுத் தரேன்.”

நீ சொன்னது நிஜம்தான். வெளியே காற்று சூப்பராக வருகிறது.

உள்ளே மறுபடி எடுக்கிறார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. கத்தல் வரவில்லை. அந்தப் பெண்ணின் குரல்தான் கேட்கிறது.

“டீச்சர், ரெண்டு வெரலு காலியா இருக்குது. கூம்பும் அதே ரெண்டு வெரலு கம்மி.”

“அந்த ஆளு சொன்னான்னு நீயும் ஆரம்பிச்சிட்டியா? வேற யாருன்னா பாத்தீங்களாடா? சொல்லுங்க, ரொம்புச்சா இல்லியா?”

முப்பது பேர் இருக்கிறார்கள். ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

“பக்கத்துல நிக்கிறவன் நீ சொல்றா.”

இருடா, நான் உள்ளே போக வேண்டும்.