கூடையைப் போட்டுவிட்டு ஓடுங்கள்

வெள்ளவத்தை
12.05.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுவதாக எழுதியதை நம்பவில்லை. போனில் கேட்கலாம்தான், அங்கே லயத்து வீடுகளெல்லாம் காது கொடுக்கும், இங்கே நான் அழுதுவிடுவேன்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு ஒரு கம்பனி கூப்பிட்டது. முதலில் பரீட்சையாம், சம்பளம் கிடையாது. தேயிலைத் தோட்டங்களுக்கான குளவி எச்சரிக்கையைச் சிங்களத்திலிருந்து தமிழாக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் பிடித்தது. கடைசியில் நானே ஒரு வரி சேர்த்தேன்: "கூடய நெனைக்காதீங்க, உசுர நெனைங்க. போட்டுட்டு ஓடுங்க." அன்று அம்மாவைப் பார்த்து நீங்கள் கத்தியது.

அறைத் தோழி ஊருக்குப் போய்விட்டாள். சுவரோடுதான் பேச்சு. வேலை கிடைத்தால் உங்களை இங்கே கூட்டிக்கொள்வேன்.

உங்கள் மகள்
சர்மிளா

றொசல்ல
20.05.2024

அன்பு மகளுக்கு,

சாப்பிடுகிறேன். நாய்க்கும் போடுகிறேன், எனக்கு அதுதான் துணை.

உன் பரீட்சை எனக்கு விளங்கவில்லை. தோட்டத்தில் புது ஆள் மட்டமாகக் கொழுந்து பறித்தாலும் அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளமாவது கொடுப்பார்கள். படித்தவர்கள் ஊரில் அதுவும் இல்லையா? கேட்டுப் பார். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்.

அந்த வரியை ஏன் எழுதினாய்? உன் அம்மா கேட்கவில்லையே. கொழுந்து வீணாகுமென்று கூடையோடு ஓடித்தானே குளவியிடம் மாட்டிச் செத்தாள்.

அப்பா
வீரய்யா

வெள்ளவத்தை
09.06.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்டேன். "பரீட்சைக்கு யாராவது காசு கேப்பாங்களா?" என்று கம்பனியில் இருந்த பெண்மணி சிரித்தார். மறுநாள், தேறவில்லை என்று செய்தி வந்தது. என்னுடையது தோட்டத் தமிழாம். அதுதான் சுட்டது.

துணிக்கடையில் நிற்கப் போகிறேன். இனி மொழிபெயர்ப்பு வேண்டாம். உங்களைக் கூட்டிக்கொள்வதும் இப்போதைக்கு ஆகாது.

சர்மிளா

றொசல்ல
28.07.2024

அன்பு மகளுக்கு,

கடிதமே இல்லை. கோபமா?

வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் பிரிக்கும் முன்னால், எல்லாருக்கும் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். குளவிப் படம் போட்டது. பக்கத்தில் நின்ற ராக்காயிக்குக் கண் மங்கல். "படிங்கண்ணே" என்று நீட்டினாள். உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன். "எம் மக எழுதுனது" என்றேன். யாரும் நம்பவில்லை. அடியில் அந்த மொழிபெயர்ப்புக் கம்பனியின் முத்திரைதான் இருந்தது. தேறாத அந்தத் தமிழ் வரியில் ஒரு எழுத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை, மகளே.

மத்தியானம் மேல் மலையில் குளவி கலைந்தது. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். நான் ஓரமாகப் போய் அழுதேன்.

கொழுந்து குறைவென்று, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா அன்றைக்கு அரைப்பேர்தான் போட்டார். மொத்தப் பெரட்டும் போய் நின்றோம். முழுப்பேர் வாங்கிக்கொண்டுதான் திரும்பினோம். உனக்கு அங்கே யார் வந்து நிற்பார்கள் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு ரயிலில் வருகிறேன். துண்டுப் பிரசுரம் என் சட்டைப்பையில் இருக்கிறது. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு வா. திங்கள் காலை அந்தக் கம்பனிக்கு இரண்டு பேருமாகப் போய் நிற்போம்.

அப்பா
வீரய்யா