சில்லுக்கப்பலில் எடுத்த படம்

15 ஜூலை 76, வியாழன்

குளிர். இந்த நாட்டில் ஆடிதான் பனிக்காலம். யன்னல் கண்ணாடி முழுக்க ஈரம். பயறு வறுத்தாயிற்று. பனங்கட்டி கொழும்புப் பார்சலில் வந்தது, ஒரு ஓலைக் குட்டான் போதும். தேங்காய்ப்பூ இங்கே காய்ந்ததுதான், பைக்கற்றில்.

நாளை ஆடிக்கூழ் குடிக்க ஆட்கள் வருகிறார்கள். பேசும்போது ஒன்றும் விடுபடக் கூடாது. ஆகவே எழுதிப் பார்க்கிறேன்.

ரவி, மகனின் மூத்தவன். கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் படிப்பு, முதலாம் வகுப்பில் சித்தி. அங்கேயே கப்பல் கட்டுகிற தளத்தில் படம் கீறும் உத்தியோகம். கோட், கழுத்தில் ரை. (இதை முதலில் சொல்ல வேண்டும்.)
சுமதி, அவன் தங்கச்சி. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் மேலே. பியானோவும் உண்டு. (தோசை வட்டமாக வராது. அது தேவையில்லை.)
கொழும்பில் மகளின் பெரியவன், பாங்கில்.
மகளின் சின்னவள், பேச்சுப்போட்டியில் வெள்ளிக்கிண்ணம்.
மகளின் கடைக்குட்டி, பிடிக்காமல் நடக்கிறான். ஒரு வயது ஆகவில்லை. அதுவும் கெட்டித்தனம்தான்.

ரவியின் சாதகமும் கோட் போட்ட படமும் மெல்பேணில், கிளென் வேவர்லி டொக்டர் வீட்டில். பெண் பெயர் ஜெயந்தி. மருந்து கலக்கும் படிப்பு முடிக்கிறாள். ஆடி முடிய வந்து பேசுவார்கள். நல்ல இடம். அதனால்தான் பயம்.

எங்கள் ஆட்கள் வேண்டாம் என்று வாயால் சொல்லமாட்டார்கள். படத்தைத் திருப்பி அனுப்புவார்கள். லண்டன் சம்பந்தம் அப்படித்தான் போனது. உறையைத் தடவியதுமே தெரிந்தது, உள்ளே மட்டைத் தடிப்பு. அன்றிலிருந்து தபால்காரனின் விசில் கேட்டால் முதலில் ஓடிப்போய் உறையைத் தடவிப் பார்ப்பது நான்தான்.

பிள்ளையாரே, படம் வரக் கூடாது.

18 ஜூலை, ஞாயிறு

கூழ் திறம். எல்லாம் சொன்னேன். கடைக்குட்டி நடந்ததை மறந்துபோனேன்.

காலையில் ரவி ரெலிபோன். அவனுக்கு அங்கே சனி இரவாம். கத்திக் கத்திக் கதைத்ததில் அவன் சொன்னதும் குசினிவரை கேட்டது.

"அப்பா, தளத்தில ஆக்களைக் குறைச்சுப் போட்டினம். என்ர வேலையும் போட்டுது."

"என்ன? என்ன சொல்லுறாய்?"

"பயப்பிடாதேங்கோ, வேற வேலை எடுத்திட்டன். பழைய பாடில் ஸ்டீமர் ஒண்டில, சில்லு வைச்ச கப்பல்."

"ஒபீசரோ?"

"இல்லை. இஞ்சினுக்கு எண்ணெய் விடுறது. பொயிலர் துப்பரவாக்கிறது. சோக்கான கப்பல் அப்பா! இந்த ஆத்தங்கரையில கட்டினதுதான். இனி இப்பிடி ஒண்டை ஒருதரும் கட்ட மாட்டினம்."

"எண்ணெய் விடவோடா உன்னைப் படிப்பிச்சனான்?"

மகன் ரெலிபோனை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டான்.

"அப்பம்மா, சாப்பிட்டீங்களோ?"

"ஓம் ராசா, நீ..." என்றேன். அறுந்துபோனது.

மருமகள் சொன்ன சட்டம்: "மெல்பேண் ஆக்களின்ர காதில இது விழப்படாது. சுமதி, உனக்குத்தான் சொல்லுறன்."

சுமதி: "அப்ப அண்ணா பேஸ்மென்ற்றில ஒளிச்சு வைச்ச ஆளோ?"

அடி வாங்கியிருப்பாள். மருமகள் கையில் கரண்டி இருக்கவில்லை.

20 ஜூலை, செவ்வாய்

மழை. உடுப்புக் காயவில்லை. முழங்கால் நோ.

மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "பாட்டா கப்பலுக்குள்ள கரி போட்டார். அப்பா கந்தோரில பேனை பிடிச்சார். நான் எக்கவுண்டன். இவன் படிச்சுப்போட்டுத் திரும்பவும் கீழ இறங்கிறான்."

பாட்டா என்றது என் தகப்பனை, ஐயாவை. ரசம் வேணுமோ என்று கேட்டேன்.

ஐயா இலங்கையைச் சுற்றி ஓடிய புகைக்கப்பலில் கரி போட்டவர். அடுப்புக்கு முன்னால் நிற்கிற வேலை. கப்பல் எங்கள் பக்கம் வரும்போது அம்மா என்னைக் கரைக்குக் கூட்டிப் போவா. மேல்தட்டில் துரைமார், தொப்பி போட்ட பெண்கள், கை காட்டுவார்கள். ஐயா மேலே வரமாட்டார். வரவும் விடமாட்டார்கள். புகை எழும்பினால் அம்மா விரலை நீட்டிச் சொல்லுவா, "அந்தா, ஐயா." நான் புகைக்குக் கை காட்டுவேன்.

வீட்டுக்கு வந்தால் கப்பலைப் பற்றிப் பெருமைதான். "இது கிளாஸ்கோக் கப்பல். லேசில சாகாது." கிளாஸ்கோ என்றால் ஒரு வகை இரும்பு என்று கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரவி அந்த ஊருக்குப் போகிறான் என்றபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன். கீழே நின்றவரின் பேத்தி மகன் மேலே நின்று கப்பலைக் கீறப் போகிறான் என்று.

பேரன் மகன் என்று எழுத வேண்டும். பேத்தி மகன் இல்லை. ஐயாவுக்குப் பூட்டப்பிள்ளை. தலை வேலை செய்யவில்லை.

27 ஜூலை, செவ்வாய். ஆடி அமாவாசை

மகன் தகப்பனுக்கு விரதம். கடற்கரைக்குப் போய் முழுகி வந்து நடுங்கினான். விரதத்துக்குரிய காத்தோட்டிக்காய் இல்லை, அதற்கு எங்கே போவது. பாவற்காய் வைத்தேன்.

ஐயாவுக்கு நான் ஒருத்திதான் பிள்ளை. பெண்ணுக்கு விரதமில்லை என்பார்கள். என் புருஷன் இருந்தவரை மாமனுக்கும் சேர்த்துப் பிடித்தார். இப்போது ஒருவருமில்லை. மகன் தகப்பன் பெயரைச் சொன்னபோது நான் மனதுக்குள் ஐயாவின் பெயரையும் சொன்னேன். காகத்துக்கு வைத்தேன். இங்கத்தைக் காகம் சின்னப்பிள்ளை அழுவது போலக் கத்துகிறது. அது சாப்பிட்டதா என்று நின்று பார்க்க விருப்பமில்லை.

பின்னேரம் தபால். தடித்த உறை. தடவினேன், உள்ளே மட்டை. மெல்பேண் இல்லை, கிளாஸ்கோ முத்திரை. என் பெயருக்கு.

உள்ளே ரவியின் படம். முகம் முழுக்கக் கரி. கண் வெள்ளையும் பல்லும்தான் தெரிகிறது. கழுத்தில் ஊத்தைத் துணி. கையில் நீள மூக்கு வைத்த எண்ணெய்ப் போத்தல். பின்னால் மினுங்குகிற இஞ்சினின் பெரிய இரும்புக் கை ஒன்று. இப்படி இவன் சிரித்து நான் கண்டதில்லை.

ஐயாவுக்குப் படம் இல்லை. ஒன்றுகூட இல்லை. முகத்தை நினைத்தால் புகைதான் வரும்.

இன்றைக்குப் பார்த்துத்தானா இது வர வேண்டும்.

மகன் கண்டால் கிழிப்பான். உழுத்தம்மா போட்டு வைக்கிற தகர ரின்னுக்குள் வைத்துவிட்டேன்.

30 ஜூலை, வெள்ளி

வெயில், காற்று. உடுப்புக் காய்ந்தது.

சுமதி ரின்னைத் திறந்து படத்தைக் கண்டுவிட்டாள். கண்டதோடு நில்லாமல் பின்வேலியால் மிஸிஸ் மக்கேக்கும் சொல்லிவிட்டாள். மிஸிஸ் மக்கே அடுத்த வீட்டுக் கிழவி, விதவை, கிளாஸ்கோ ஆள். புருஷன் கப்பலில் ஆணி அறைகிற வேலை செய்து, பிறகு இங்கே வந்து செத்தவர். ஓடி வந்தா, கையில் பூதக்கண்ணாடி. படத்தைப் பார்த்ததும் குசினிக் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டா.

கதைத்ததெல்லாம் சுமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கலியாணம் முடித்த கையோடு இவவும் புருஷனும் இப்படியான சில்லுக்கப்பலில்தான் போனார்களாம். இரண்டு பக்கமும் பெரிய சில்லு, தண்ணீரை அடித்துக்கொண்டு போகும். மேளக்காரர், தேத்தண்ணீர், மழை. "இஞ்சின் பாக்கப் போறன்" என்று புருஷன் எழும்பிப் போவாராம். போய்ப் பார்த்தால் கப்பலிலேயே இருக்கிற சாராயக் கடையில் நிற்பாராம். சொல்லிச் சிரித்தா, பிறகு மூக்கைச் சீறினா. சுத்தியல் சத்தத்திலேயே செவிடான ஊராம் அது. இப்போது தளங்கள் ஒவ்வொன்றாய் மூடி, இவவின் தங்கச்சி அங்கிருந்து எழுதுகிறாவாம், காலையில் குருவி கேட்கிறது என்று. அதைத்தான் தாங்க முடியவில்லையாம்.

பிறகு ஒன்று சொன்னா. அந்தக் கப்பல்களில் இஞ்சினை மூடி வைப்பதில்லையாம். நடுவிலே திறந்தபடி. சுற்றிக் கம்பி. சனம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வேலை செய்கிறவர்களைப் பார்க்குமாம்.

"திரும்பக் கேள்," என்றேன் சுமதியிடம். "எண்ணெய் விடுற ஆக்களையும் பாக்கலாமோ?"

கேட்டாள். "ஓமாம் அப்பம்மா. சின்னப் பிள்ளையள் கையும் காட்டுங்களாம்."

அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மி. மக்கேயிடம் ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று வாயைக் கிள்ளிக் காட்டினேன். அவவும் வாயைக் கிள்ளிக் காட்டினா. விளங்கினதோ தெரியாது.

13 ஆகஸ்ட், வெள்ளி

தபாலில் மின்சார பில் மட்டும். நல்லது.

ஆவணி பிறந்த முதல் ஞாயிறு கிளென் வேவர்லி ஆட்கள் வருகிறார்கள். வடைக்கு மருமகள் உழுத்தம்மா ரின்னை எடுக்கப் பார்த்தாள். ஊறப்போட்டு அரைத்தால்தான் ருசி என்று தடுத்தேன். "மா இருக்க ஏன் மாமி மினக்கெடுறியள்?" கேட்கத்தான் செய்வாள்.

ஒவ்வொரு நாளும் அந்த ரின்னைத் திறந்து பார்க்கிறேன். இது நல்ல பழக்கமில்லை.

22 ஆகஸ்ட், ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும்.

டொக்டர், மனைவி, ஜெயந்தி. பெண் மெலிவு, மூக்குக் கண்ணாடி, நல்ல குரல். எனக்குப் பிடித்துவிட்டது. அதுவும் பயம்.

டொக்டர் மனைவி: "தம்பி இப்பவும் அந்தக் கப்பல் கட்டுற இடத்திலதானே?"

மகன்: "ஓம்... கப்பல் பக்கம்தான்."

பொய்யில்லை. ஆனால் மகனின் கழுத்து வியர்த்தது, இந்தக் குளிரில்.

அந்த நேரம் பின்கதவு. மி. மக்கே. தலைக்குத் தொப்பி, கையில் பிஸ்கற் ரின். கார் நிற்பதைக் கண்டுவிட்டு வந்திருக்கிறா. நேரே போய்ப் பெண்ணைக் கட்டிப்பிடித்து இங்கிலிஷில் பொழிந்தா. எனக்கு விளங்கியது "பாடில்" ஒன்றுதான். மற்ற எல்லாருக்கும் எல்லாம் விளங்கியது. மருமகள் தேத்தண்ணீரைத் தட்டில் ஊற்றினாள். சுமதி கூரையைப் பார்த்தாள்.

டொக்டர்: "அப்ப தம்பி அந்தக் கப்பலில கூலி வேலையோ?"

மகன் வடைத் தட்டைத் தள்ளி வைத்தான். மி. மக்கே மட்டும் சிரித்துக்கொண்டு நின்றா, பாவம்.

நான் சொன்னேன். என் வாய்தான் சொன்னது. "ஓம். எண்ணெய் விடுறான். என்ர ஐயா கரி போட்டவர். கிளாஸ்கோக் கப்பல்."

மகன் என்னைப் பார்த்த பார்வை.

ஜெயந்தி கேட்டாள், "படம் இருக்கோ ஆச்சி?"

ரின்னோடு கொண்டுவந்து கொடுத்தேன். படம் முழுக்க மா. சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கனநேரம் பார்த்தாள். பிறகு பட்டென்று சிரித்தாள். "எங்களிட்ட இருக்கிற படத்தில பல்லு நோகிற மாதிரியெல்லோ நிக்கிறார்!"

"ஜெயந்தி. வை அதை," என்றா தாய்.

வடை அப்படியே இருந்தது. டொக்டர் எழும்பிவிட்டார். "அப்ப வாறம். அறிவிக்கிறம்."

மகன் இதுவரை என்னோடு கதைக்கவில்லை. அது ஒரு பக்கம். அவர்கள் போன பிறகு பார்த்தால் ரவியின் படத்தைக் காணவில்லை. கதிரை இடுக்கு, ரின், வடைத் தட்டு, எல்லாம் பார்த்தேன். டொக்டர் மனைவி கிழித்துக் குப்பையில் போட்டிருப்பாவோ. குப்பையும் கிண்டினேன்.

26 ஆகஸ்ட், வியாழன்

படம் இல்லை. மி. மக்கேயும் எடுக்கவில்லை, தன் கைப்பையைக் கவிழ்த்தே காட்டினா. அழுதுகொண்டு. தான் கெடுத்துவிட்டாவாம். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். வேறென்ன செய்ய.

இருந்த ஒன்றையும் தொலைத்துவிட்டேன்.

தபாலில் ஒன்றுமில்லை.

31 ஆகஸ்ட், செவ்வாய்

வந்துவிட்டது. மெல்பேண் முத்திரை. தடிப்பு.

மகன் பிரித்தான். சாதகம். கோட் போட்ட படம். ஒரு வரி எழுத்தும் இல்லை. "முடிஞ்சுது," என்றான். கத்தவுமில்லை. கத்தியிருக்கலாம்.

நான் உறையை வாங்கிக் கவிழ்த்து உதறினேன். மற்றப் படம் இல்லை. திரும்பவும் உதறினேன்.

சுமதி பக்கத்தில் வந்து நின்றாள். "என்னத்தைத் தேடுறியள்? அந்தக் கரிப் படத்தையோ? அதை அந்த அக்கா ஹாண்ட்பாக்குக்குள்ள வைச்சவா. நான் பாத்தனான். நீங்கள் குடுத்ததெண்டெல்லோ நினைச்சன்."

"தாய்க்குத் தெரியுமோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்? அவ சாரியால மறைச்சுத்தான் வைச்சவா."

உறையில் இருப்பது பெண்ணின் பெற்றோர் எழுத்து. படம் திரும்பினால் வேண்டாம் என்று அர்த்தம். திரும்பாவிட்டால்? இரண்டு படம் கொடுத்து ஒன்று மட்டும் திரும்பின கதை நான் கேள்விப்பட்டதே இல்லை. யாரிடம் கேட்பது.

மகனுக்குச் சொல்லவில்லை. சுமதிக்கும் வாயைக் கிள்ளிக் காட்டினேன்.

1 செப்ரெம்பர், புதன்

ஊறப்போட்ட அரிசி புளித்துவிட்டது. நித்திரை இல்லை. அந்தப் பிள்ளை வீட்டில் என்ன பாடோ. அகப்பட்டால் என்ன சொல்லுவாளோ.

ரவிக்குக் கடிதம். சுமதி பள்ளிக்கூடம் போகுமுன் விலாசம் எழுதித் தர வேண்டும். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்:

ராசா, சுகம். நீயும் சுகமாயிரு. கழுத்தை மூடிக்கொள். கோட் போட்ட படம் திரும்பி வந்துவிட்டது, அப்பா சொல்லியிருப்பார். நீ எனக்கு அனுப்பினது இப்போது என்னிடம் இல்லை. இருக்கிற இடம் எனக்குத் தெரியும், இப்போது கேட்காதே. எனக்குப் புதிதாக ஒரு படம் எடுத்து உடனே தபாலில் போடு. சனம் நின்று பார்க்கிற கம்பிப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லு. மேலே பார். முகம் கழுவாதே.