பி பக்கத்துப் பாட்டுகள்

1981 ஜனவரி 4, ஞாயிறு

தும்மல் கேசட் இன்றைக்கு முடிந்தது. பாட்டுக்கு நடுவில் யாராவது தும்ம வேண்டும் என்பது விதி. இருமல் சேர்த்தி இல்லை. இருமலுக்குத் தனியாக ஒன்று போடலாம், அதில் அப்பாக்கள் நிறைய வருவார்கள். வானொலியைக் காதில் கட்டிக்கொண்டு அலைந்தும், சிராங்கூன் ரோட்டில் அப்துல் ஹமீது கடை இசைத்தட்டுகளைக் கெஞ்சி வாங்கி வந்தும் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஊர்ல எல்லாரும் பாட்டுக்காரர் பேரைப் போட்டு கேசட் எடுக்கிறான். நீ ஏண்டா சளி பிடிச்சவன் பாட்டாப் பொறுக்குற?"

அதுதானே சுகம். பாடகர் பெயரால் கூடிய பாட்டுகள் உறவுக்காரர்கள் மாதிரி. தும்மலால் கூடிய பாட்டுகள் பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கியவர்கள். அவர்கள் பேச்சுதான் கேட்க நன்றாக இருக்கும்.

ஜனவரி 5

கம்பெனி பஸ்ஸில் தும்மல் கேசட் அரங்கேறியது. பாட்டுகளைக் கோக்கும் இழை என்ன என்று கேசட்டின் மேல் நான் எழுதுவதில்லை. கேட்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் எங்கள் விளையாட்டு. ரோவல் ரோட்டிலிருந்து ஜூரோங் கப்பல் பட்டறை வரைக்கும் பஸ்ஸே மண்டையை உடைத்துக்கொண்டது. வெல்டிங் பகுதிச் சீனக் கிழவர் ஒருவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர்தான் முதலில் எழுந்து "ஹச்" என்று தும்மிக் காட்டினார். பஸ் அதிர்ந்தது.

ஓட்டுநர் அஹமது கபீர் பாய் சொன்னார்: "பெர்னார்ட், நீ ஸ்டோர் கிளார்க்கா இருக்க வேண்டிய ஆளே இல்லை." வேறு என்னவாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பிரிஜட்.

பெயரை எழுதிவிட்டு இவ்வளவு நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். லூர்து மாதா கோவில் பாடகர் குழுவில் எனக்கு முன்வரிசை. தொலைபேசி நிலையத்தில் வேலை. காதை வைத்துப் பிழைக்கிறவள். போன ஞாயிறு ரயில் கேசட்டைக் கொடுத்திருந்தேன். எல்லாப் பாட்டிலும் எங்காவது ரயில் கூவும். இன்று பூசை முடிந்து படியிறங்கும்போது திருப்பித் தந்தாள்.

"ரயில். அது முதல் பாட்டுலயே தெரிஞ்சு போச்சு. இன்னொண்ணு இருக்கு, நீங்க கவனிச்சீங்களா?"

"என்னது?"

"ஒருத்தர்கூட டிக்கெட் எடுக்கல."

வீட்டுக்கு வந்து மறுபடி கேட்டேன். உண்மை. அத்தனை பேரும் ஓசிப் பயணம். நான் போட்ட கேசட்டில் நான் போடாத இழையை எடுத்துக் காட்டுகிறாள். இவளைக் கட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கலாம். எழுதிவிட்டேன். இனி அழிக்கப் போவதில்லை.

ஜனவரி 22

அம்மா எங்கிருந்தோ செய்தி கொண்டு வந்தாள். செம்பவாங்கில் பிரிஜட்டின் அப்பா லாசரஸ் — முன்பு கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர் — மகளுக்கு ஈப்போவில் ஒரு இன்ஜினியரைப் பார்த்திருக்கிறாராம். ஈஸ்டர் வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

இடையில் தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. அது தொடங்கும் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிய பிறகு எங்கள் வீடுகளில் யாரும் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை, எடுத்தால் அபசகுனம் மாதிரி பார்ப்பார்கள். அது முடியும்போது ஈப்போக்காரன் வாசலில் நிற்பான். ஆக, சாம்பல் புதனுக்கு முன்னால் நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

வாயைத் திறப்பதா? அவள் "கொஞ்சம் தள்ளுங்க" என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கேசட் போடுகிறேன்.

ஜனவரி 31, சனி

முடித்துவிட்டேன். என் வாழ்நாளிலேயே சிறந்த கேசட். இழை: கேள்வி. ஒவ்வொரு பாட்டிலும் ஒருவன் ஒருத்தியைக் கேட்கிறான். முதல் பாட்டில் உன் பெயர் என்ன. அடுத்து எந்த ஊர். பிறகு ஏன் திரும்பிப் பார்க்கவில்லை. இப்படியே ஏறி ஏறிக் கடைசிப் பாட்டில், என் வீட்டுக்கு வருவாயா. நாடா முடிகிற இடத்தில் சரியாக அந்தப் பாட்டும் முடிகிறது. பி பக்கம் காலி. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, இன்னும் எதற்குப் பாட்டு?

பிப்ரவரி 1, ஞாயிறு

கொடுத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சீனப் புத்தாண்டு விடுமுறை முழுக்க அம்மா கொடுத்த ஆரஞ்சை உரித்து உரித்துச் சாப்பிடாமல் வைத்தேன். இன்று கோவிலில் பிரிஜட் என்னிடம் வந்தாள். குழுவில் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள்.

"இழை கண்டுபிடிச்சிட்டேன். எல்லாமே ஆம்பிளைங்க பாட்டு. ஒரு பொண்ணுகூட வாயைத் திறக்கல. அதானே?"

தரை பிளந்தால் இறங்கியிருப்பேன். கேள்வி கேள்வி என்று தேடியவன், பதில் சொல்ல ஒருத்தியைக்கூட விடவில்லை. எவ்வளவு பெரிய மடையன் நான்.

"அது... அது வந்து..."

"பி பக்கம் காலியாத்தானே இருக்கு? நான் வெச்சுக்கிறேன்," என்று பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கோபமா சிரிப்பா, தெரியவில்லை. அவளுக்கு இரண்டும் ஒரே முகத்தில் வரும்.

பிப்ரவரி 11

மாதா திருவிழா. தேர் ஓஃபிர் ரோட்டைச் சுற்றியது. பாடினேன். என்ன பாடினேன் என்று கேட்டால் தெரியாது.

பிப்ரவரி 22, ஞாயிறு

கேசட் திரும்பி வந்தது. பி பக்கம் நிறைய அவள் பாட்டுகள். "இழையைக் கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சா எங்க அப்பாகிட்ட வந்து சொல்லுங்க, சாம்பல் புதனுக்கு முன்னாடி," என்றாள். அப்பாவிடமா? அப்படியானால்... அப்படித்தானே அர்த்தம்?

பஸ்ஸில் வரும்போது உட்காரவில்லை. இடம் இருந்தது, நான்தான் உட்காரவில்லை.

அதே நாள், மாலை

கேட்டேன். ஏ பக்கம் நானே போட்டது, மனப்பாடம், அதை எதற்குக் கேட்க? நேராக பி பக்கத்தைப் போட்டேன். எல்லாம் பெண்கள் பாடுவது. முதல் பாட்டில் ஒருத்தி வருகிறேன் என்கிறாள். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அடுத்த பாட்டு கொஞ்சம் தயங்குகிறது. இன்னும் சில பாட்டு தள்ளி, எனக்கு வேலை இருக்கிறது, திரும்பிப் பார்க்க நேரமில்லை. போகப் போகத் தள்ளித் தள்ளிப் போகிறாள். கடைசிப் பாட்டு — நீ யார், முதலில் அதைச் சொல்.

வா என்று ஆரம்பித்து நீ யார் என்று முடித்திருக்கிறாள். இதற்கு இழை வேறு தேட வேண்டுமா. பாட்டுக்குப் பாட்டு நடுவில் கோணல்மாணலாக இடைவெளி வேறு, பதிவிலும் அக்கறை இல்லை. வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. இவ்ளோ பாட்டு எதுக்கு? ஒரு கேசட்டு முழுக்கவா ஒரு மனுசனைத் தள்ளி விடுறது?

பிப்ரவரி 25

ஒன்றும் பதியவில்லை. வானொலியை அணைத்துவிட்டேன். அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

அந்தக் கேசட்டைக் கபீர் பாயிடம் கொடுத்துவிட்டேன். "மேலே வேற ஏதாவது பதிஞ்சுக்குங்க பாய், எனக்கு வேணாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி லா," என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 1, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாடகர் வரிசைக்குப் போகவில்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிரிஜட் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். முடியுமுன்னே எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 2, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். சாப்பிடவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

கபீர் பாய் பஸ்ஸில் புதுப் பெட்டி பொருத்தியிருக்கிறார். ஒரு பட்டனை அழுத்தினால் கேசட்டை வெளியே எடுக்காமலே மறுபக்கம் பாடும். பாய்க்குப் புது பொம்மை கிடைத்த சந்தோஷம். நான் கொடுத்த கேசட்டையே போட்டார். என் முதல் பாட்டு, உன் பெயர் என்ன. எனக்கு ஜன்னல் வழியாகக் குதிக்கலாம் போல இருந்தது. பாட்டு முடிந்ததும் பாய் பட்டனை அழுத்தினார்.

பெண் குரல். நீ யார், முதலில் அதைச் சொல்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. "சரியாக் கேட்டா," என்றார் யாரோ. பாய் மறுபடி திருப்பி, என் இரண்டாவது பாட்டு முடியும் வரை ஓட்டி, அழுத்தினார். எந்த ஊர் என்று இவன் கேட்டு முடிக்கவும், என் ஊரைத் தெரிந்து உனக்கென்ன என்று அவள் ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

கபீர் பாய் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "பெர்னார்ட். இது ரெண்டும் பேசிக்குதுடா."

அப்போதுதான் மண்டையில் ஏறியது. கேசட்டில் நாடா ஒன்றுதான். ஏ பக்கம் போகிற திசைக்கு எதிர்த் திசையில் பி பக்கம் வருகிறது. என் ஒவ்வொரு பாட்டுக்கும் நேர் பின்னால், அதே நாடாவின் முதுகில், பதிலை வைத்திருக்கிறாள். அதனால்தான் பி பக்கத்தை நேராகக் கேட்டபோது கதை தலைகீழாக வந்தது. அந்தக் கோணல்மாணல் இடைவெளி அக்கறையின்மை இல்லை. என் பாட்டு முடிகிற இடத்தில் அவள் பாட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று அளந்து விட்டது. பாடகர் பெயரைத் தாண்டி யோசிப்பவன் என்று பெருமை அடித்துக்கொண்ட நான், என் பக்கத்தை ஒரு தடவை போட்டுவிட்டுத் திருப்பியிருந்தால் போதும்.

பட்டறை வாசலில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் நேரக் கார்டு அடிக்க ஓட வேண்டும். ஒருவரும் இறங்கவில்லை. தும்மல் கிழவர் பாயைப் பார்த்து விரலைச் சுற்றிக் காட்டினார், ஓட்டு என்று. பாய் கடைசிப் பாட்டுக்கு ஓட்டினார். என் வீட்டுக்கு வருவாயா. நாடா முடிந்தது. அழுத்தினார்.

வருகிறேன்.

பஸ்ஸே தாமதம். கண்காணிப்பாளர் என்ன காரணம் என்று கேட்டார். "டிராஃபிக் லா," என்றார் கபீர் பாய், பட்டறை வளாகத்துக்குள் நின்றுகொண்டு.

மார்ச் 3, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. அம்மா தேக்கா மார்க்கெட்டில் பழம், வெற்றிலை, பூ வாங்கிக்கொண்டாள். என்னைத் திட்டிக்கொண்டே வாங்கினாள். செம்பவாங் பஸ் இவ்வளவு மெதுவாகப் போகும் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

லாசரஸ் ஐயா கைலியோடு கதவைத் திறந்தார். அம்மா கையிலிருந்த பழத்தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யோசித்து வைத்திருந்த அத்தனையும் மறந்து போய், "இழையைக் கண்டுபிடிச்சிட்டேன்," என்றேன்.

"என்ன இழை?"

"நான் கேட்டதுக்கு எல்லாம் அவங்க பதில் சொல்லியிருக்காங்க. திருப்பிப் போட்டுக் கேட்டா தெரியும்."

எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்க் கேசட் பாடும் பெட்டியைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார். மூடி கழன்று ரப்பர் பேண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. "திருப்பிப் போடுறதைப் பத்தி எனக்குச் சொல்றீங்களா தம்பி? போன மாசம் ரெண்டு வாரம் இவ எடுத்தா, திருப்பினா, போட்டா. சரியா வந்திருக்கான்னு பார்த்தாளாம். கதவே பிச்சுக்கிட்டு வந்துருச்சு. செய்தி கேட்க எனக்குப் பெட்டி இல்லை."

சமையலறை வாசலில் பிரிஜட் நின்றாள். "ஏன் இவ்ளோ லேட்?"

"உன் பக்கத்தை மட்டும் கேட்டேன்."

"உங்க பக்கத்தைக் கேட்காம என் பக்கம் எப்படிப் புரியும்?"

லாசரஸ் ஐயா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "ஈப்போவுக்கு நான் லெட்டர் போட்டுடறேன். பெட்டியை மட்டும் மாப்பிள்ளை வாங்கித் தரட்டும்."

மாப்பிள்ளை என்றால் நான்.

மார்ச் 4

சாம்பல் புதன். மனிதனே நீ மண்ணாக இருக்கிறாய் என்று சொல்லி சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆண்டவர் மன்னிப்பார், அவருக்குக் காரணம் தெரியும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கோவிலில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். இவர்கள் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்தினார். அந்த அமைதியில் பின்னால் யாரோ தும்மினார்கள். பிரிஜட் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. நான் கூரையைப் பார்த்தேன்.

மே 16, சனி

கல்யாணம். விருந்தில் எங்கள் கேசட்தான். மண்டபத்துப் பெட்டியில் திருப்பும் பட்டன் இல்லை. கபீர் பாய் பிரியாணித் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் எடுத்துத் திருப்பிப் போட்டார். இடையில் யாரோ உதவப் போய் பி பக்கத்தை நேராக ஓட்டிவிட, "நிறுத்துங்கப்பா, கல்யாணம் தலைகீழாப் போகுது," என்று பாய் ஓடினார். பிரியாணி ஆறிப் போயிருக்கும்.

1982 பிப்ரவரி 7, ஞாயிறு

பிரிஜட் இன்று எனக்கு ஒரு கேசட் தந்தாள். இந்த முறை நான் ஏமாறவில்லை. ஏ பக்கத்தை முதலிலிருந்து கேட்டேன். அவளும் நானும் மாறி மாறிப் பாடுகிறோம், பாடகர் குழுவில் ஒத்திகை பார்த்தபோது பதிந்தவை. என் சுருதி இரண்டு இடத்தில் போய்விட்டது, அதையும் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எடுத்துத் திருப்பிப் போட்டேன். ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல். பி பக்கத்தை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். காலி.

"என்ன பிரிஜட், மறந்துட்டியா? பி பக்கத்துல யாருமே பாடல."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பாடுவாங்க. ஆகஸ்ட் வரைக்கும் பொறுங்க."

ஆகஸ்டில் என்ன என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் மடித்த துணியைப் பார்த்தேன். என் பழைய வேட்டியைக் கிழித்துச் சின்னச் சின்னச் சதுரங்களாக அடுக்கியிருந்தாள்.

அம்மாவைக் கூப்பிட்டேன்.