ஒரு விரல் கோணல்

அக். 6, ஞாயிறு

நல்ல வெயில். போட் முதல்முறை தண்ணீரில். மானம் போனது.

குட்டியானை வண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். நான், என் வீட்டுக்காரி ம., அவள் அண்ணன் ஏழுமலை மச்சான். ஒரு ரிசார்ட்டில் கழித்துப்போட்ட சின்ன ஃபைபர் பாய்மரப் போட், இரண்டு பேர்தான் உட்காரலாம். மூன்று மாதமாக வீட்டு வாசலில் வைத்து நானே சரிசெய்தது. எல்லாம் ம.வுக்காக. மீனவக் குடும்பத்தில் பிறந்து, நாற்பத்தெட்டு வயது வரை ஒருநாள்கூடக் கடலுக்குள் போனதில்லை. பெண்கள் போட்டில் ஏறக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். "மீனு வித்தே பொழச்சேன், மீனு இருக்கற எடத்த பாத்ததில்ல." கல்யாணமான புதிதில் சொன்னாள். எனக்கு உறைக்க இருபத்தைந்து வருஷம்.

எனக்குப் பாய் பிடிக்கத் தெரியாது. மச்சானுக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். அவர் மனசு வைத்தால்தான் உண்டு.

முதலில் அவர் மட்டும் ஒரு சுற்று போய் வந்தார். பாய்மரம் வலப்பக்கம் சாய்ந்து நின்றது கரையிலிருந்து எனக்கே தெரிந்தது.

"மரமே நேரா நிக்கல. இதுல பொம்பளய ஏத்தறதா? போ மாப்ள."

ம. திரும்பும் வழியில் கத்திரிக்காய் வாங்கினாள். குழம்பில் உப்பில்லை. நானும் கேட்கவில்லை.

அக். 7, திங்கள்

புழுக்கம். வேலைக்கு மட்டம்.

சந்தேகங்கள்:
மரம் வளைந்ததா? தரையில் உருட்டினேன். நேர்.
முன்பலகை ஓட்டை? சரியாக நடுவில்.
அடிக் கிண்ணம்?

அதுதான். மரம் பலகை ஓட்டை வழியாக இறங்கி, போட்டின் தரையில் ஒரு கிண்ணத்தில் உட்கார வேண்டும். பழையது உளுத்துப்போனதால் புதிதாக நான் ஒட்டியது. நடுக்கோட்டை விட்டு ஒரு விரல் இடப்பக்கம். அடியில் ஒரு விரல் என்றால் உச்சியில் ஒரு சாண்.

ஓட்டையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத்தானே குறித்தேன்! தட்டாஞ்சாவடி பட்டறையில் இருபது வருஷமாக ஃபைபர் தொட்டியும் கதவும் செய்கிறவன். குண்டு பொய் சொல்லாது என்றேன்.

ம.: "அப்ப நீ சொல்லியிருப்ப."

அக். 9, புதன்

கண்டுபிடித்தாயிற்று. நான் இல்லை, ம.

போட்டுக்குள் இருந்த தூசியைக் கழுவ ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். "யோவ், இங்க வா. தண்ணி ஏன் மொத்தமும் இந்தப் பக்கமே ஓடுது?"

பார்த்தேன். வாசலில் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று போன வருஷம் கொத்தனாரோடு மல்லுக்கு நின்று தளத்துக்கு வாட்டம் வைக்கச் சொன்னது நான்தான். அந்த வாட்டத்தில் போட் மூன்று மாதமும் சாய்ந்தே நின்றிருக்கிறது. குண்டு நேராகத்தான் தொங்கியது. கோணல் போட்டில்.

ம. தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "நல்லா வாட்டமா போடு, நல்லா வாட்டமா போடுன்னு தெருவே கேக்கற மாதிரி கத்தன!"

சிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறாள்.

அக். 10, வியாழன்

வாங்க: ரெசின், ஃபைபர் மேட், அசிட்டோன், ஆப்புக்கட்டை, பால், கொத்தமல்லி.

செங்கல்லும் ஆப்பும் கொடுத்து போட்டை மட்டமாக்கினேன். தண்ணீர் டியூப் மட்டம் வைத்து இரண்டு தரம் பார்த்தேன். கிரைண்டரால் பழைய கிண்ணத்தை அறுத்தெடுத்தேன். கழுத்தெல்லாம் ஃபைபர் தூசி அரிப்பு. ம. தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள், திட்டிக்கொண்டே. அவள் திட்டாமல் எனக்கு எண்ணெய் தடவியதே இல்லை.

புதுக் கிண்ணத்தை வைக்கும்போது அவள் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். "இன்னும்... இன்னும்... போதும்." டேப் பிடித்தேன். மயிரிழை தப்பில்லை. இவளை முதலிலேயே கூப்பிட்டிருக்கலாம்.

அக். 12, சனி

மேகம். திங்களிலிருந்து மழையாம். வாடைக்காற்று இறங்கிவிட்டால் தை வரைக்கும் போட்டை எடுக்க முடியாது. நாளை ஒருநாள்தான்.

கிண்ணத்தை ஒட்டிய ரெசின் கல்லாக இறுகிவிட்டது. மரத்தை நட்டேன். நேர்.

ம. சமையலறையில் ஃபோனில்: "மரம் நேராயிடுச்சிண்ணே... அதுல வலயும் இல்ல, மீனும் இல்ல... சும்மா ஒரு போட்டுதானே."

"இன்னா சொன்னாரு?"

"வந்து பாக்கறேன்னுது."

அக். 13, ஞாயிறு

காலை. லேசான காற்று. மச்சான் வந்தார். போட்டைச் சுற்றினார், மரத்தை ஆட்டினார், தள்ளிப் போய் நின்று பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, பாவம். கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில், அவள் முகத்தைப் பார்க்காமல்: "செருப்ப வுட்டுட்டு ஏறு."

ம. போட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. அவள் வீட்டு ஆண்கள் தினமும் செய்வதைக் கரையில் நின்று பார்த்ததுதான்.

போனார்கள். மரம் நேராக நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். பிறகு பாய் நகத்தளவு ஆனது, எனக்குப் பெருமையெல்லாம் போய்விட்டது. அவள் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு அலைக்கும் எழுந்து எழுந்து பார்த்தேன். இவளும் இவள் அம்மாவும் தினம் தினம் இப்படியா நின்றார்கள்?

முக்கால் மணி நேரம். இடுப்பு வரை நனைந்து இறங்கினாள். பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள்.

"இன்னாயா, பயந்துட்டியா?"

"பயமா? எனக்கா?"

செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

மழை விட்டதும் தையில் மறுபடி போகிறார்களாம். கேட்டது ம. இல்லை, மச்சான். "நீ கரையில நில்லு மாப்ள, ரெண்டு பேருதான் உக்கார முடியும்."