பாதி வழியில் ஒரு கூரை

புலிக்குட்டை, ஜவ்வாது மலை
7-9-2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் நின்றதா? இங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அரிசி மூட்டையோடு வரும் ரஷீத் அஹமது பாயின் ஜீப்தான் இனி நமக்குத் தபால்காரர். அதுவும் ரோடு முடிகிற இடத்தோடு சரி. அங்கிருந்து ஊருக்கு ஆறு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் போர்வையை மூங்கிலில் கட்டி, டோலியாகத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். போன வருஷம் ஒரு பெண் மழையில் நனைந்தபடி வழியிலேயே இறந்துபோனாளாம். அந்தப் பாதி வழியில்தான் நான் ஒரு தங்குமிடம் கட்டப்போகிறேன்.

முழங்கால் உயரத்துக்குக் கல். அதற்கு மேல் சாமை வைக்கோல் கலந்த மண்சுவர். மூங்கில் சட்டம், காட்டுப்புல் கூரை. மழை அடிக்கிற பக்கத்துக்கு, கடுக்காய் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பு. உங்கள் ஊரில் தோல் பதனிட வாங்குகிற அதே கடுக்காய்தான். இங்கே மரத்தடியில் சும்மா கொட்டிக் கிடக்கிறது.

மூன்று மாதம் என்று சொல்லித்தானே வந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
எழில்


ஆம்பூர்
14-9-2024

அன்பு எழிலுக்கு,

இருமல் போய்விட்டது. மெஸ் சாப்பாட்டில் உப்புதான் ஜாஸ்தி. ஷூ கம்பெனியில் என் பக்கத்து டேபிள் அப்துல் கஃபார், “இன்னா தோஸ்த், ஊட்ல இன்னும் வர்லயா?” என்று தினமும் கேட்கிறார். சிரித்துச் சமாளிக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. தகர ஷீட்டும் நாலு இரும்புக் குழாயும் வாங்கி அனுப்பட்டுமா? ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடுமே. உன் பழைய வேலூர் கம்பெனியிலிருந்து மறுபடியும் போன் வந்தது. டிசம்பர் ஒன்றாம் தேதிக்குள் நீ சேராவிட்டால் வேறு இன்ஜினியரைப் போட்டுவிடுவார்களாம்.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன்
ஜெயப்பிரகாஷ்


புலிக்குட்டை
12-10-2024

அன்புள்ள மாமாவுக்கு,

யாரிடமும் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். நான் போட்ட கூரை திங்கட்கிழமை காற்றில் பறந்துவிட்டது. பள்ளத்தில் மூங்கில் பொறுக்கிக்கொண்டு அழுதேன்.

தப்பு என்னுடையது. மண் மிதிக்க வரும் சம்பூர்ணம் அக்கா முதல் நாளே கேட்டார்: “இன்னா மேடம், காத்து வர்ற வாயிலயே கூரைய நிறுத்துறீங்க?” வரைபடத்தைக் காட்டி அவர் வாயை அடைத்துவிட்டேன். இப்போது அவரையே இடம் காட்டச் சொல்லி, பெரிய பாறையின் மறைவில் புதிதாகத் தொடங்கியிருக்கிறோம். காற்றுக்கு முதுகைக் காட்டி, கூரையைத் தாழ இறக்கி.

ஷீட் பற்றிக் கேட்டீர்கள். அதைத் தலையில் சுமந்து ஏறப்போவது இங்குள்ள பெண்கள்தான். பிய்த்துக்கொண்டு போனால் அடுத்த ஷீட்டுக்கு யாரிடம் போய் நிற்பார்கள்? புல் போனால் அவர்களே மறுநாள் வேய்ந்துகொள்வார்கள்.

மழை வலுப்பதற்குள் வேய்ந்தாக வேண்டும். தீபாவளிக்கு வர முடியாது மாமா. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
எழில்


ஆம்பூர்
19-10-2024

எழில்,

கடிதம் கிடைத்தது. கல், மண், புல், மூங்கில். அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடிப் பார்த்தேன். தீபாவளிக்கு உன் அம்மா கேட்டால் என்ன சொல்வது என்பதையும் நீயே எழுதி அனுப்பு.

டிசம்பர் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்.

ஜெயப்பிரகாஷ்


ஆம்பூர்
5-11-2024

அன்பு எழிலுக்கு,

புலிக்குட்டை பட்டம்மாளுக்கு நேற்று வேலூரில் கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கஞ்சி குடித்தார். ஊரில் சொல்லிவிடு. கூட வந்த டோலிக்காரர் ஒருவர் இன்றே ஊர் திரும்புவதால், ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்குக் காத்திராமல் இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். டோலி தூக்கியவர்களில் யாரோ ஒரு ஆம்பூர்க்காரன் இருந்தான் என்று கேள்விப்பட்டிருப்பாய். அது நான்தான்.

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. உன்னைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை ரஷீத் பாய் ஜீப்பில் ஏறினேன். உன்னிடம் பேச வேண்டியதை ஆலங்காயம் தாண்டும்வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதில் ஒரு நல்ல வார்த்தை இல்லை.

பாதி வழி நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் உன் கூரைக்குள் நுழைந்தேன். வெளியே மரங்கள் பேயாட்டம் ஆடின. உள்ளே என் சட்டைகூட அசையவில்லை. தகரமாக இருந்திருந்தால் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்டிருக்காது.

கொஞ்ச நேரத்தில் நாலு பேர் டோலியோடு வந்தார்கள். பாறையில் வழுக்கி விழுந்து பட்டம்மாளுக்குக் கால் முறிந்திருந்தது. தூக்கி வந்தவர்களில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகி நிற்கவே முடியவில்லை. பட்டம்மாளைக் கல் மேடையில் படுக்க வைத்தோம். அந்த வலியிலும் சுவரைத் தட்டி, “இது நான் மெறிச்ச மண்ணு” என்றார். நான் ஆம்பூர் என்றதும் பேச்சு நீண்டது.

“எங்க மேடம் ஊட்டுக்காரரும் ஆம்பூருதான். அவுரு லெட்டரு வந்தா எங்களுக்குப் படிச்சுக் காட்டும் அந்தப் பொண்ணு. நடுவுல நடுவுல நின்னு நின்னு படிக்கும். திட்டுனத உட்டுட்டுப் படிக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதா இன்னா?”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான்தான் அந்த ஊட்டுக்காரன் என்று சொல்லாமல், அவர் போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மழை விட்டது. தூக்க ஒரு ஆள் குறைந்தது. உன்னிடம் வர மேலே மூன்று கிலோமீட்டர். கீழே ரோட்டுக்கு மூன்று. மூங்கிலுக்குத் தோள் கொடுத்துக் கீழே இறங்கினேன். ஜீப்பில் ஏற்றி வேலூர்வரை கூடவே போனேன். உன் கூரை இல்லாவிட்டால், கொட்டுகிற மழையில் அவரை எங்கே இறக்கி வைத்திருப்பார்கள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

வேலூர் வேலையைப் பற்றி நீ முடிவு செய். எதுவானாலும் எனக்குச் சம்மதம். வா, வா என்று இனி நச்சரிக்கமாட்டேன். அந்தப் பாதையில் இன்னொரு கூரையும் வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. கடைசி இறக்கம் ரொம்ப மோசம்.

வரும் ஞாயிறு நான் வருகிறேன். இந்த முறை ஊர்வரைக்கும். திங்கள், செவ்வாய் லீவு சொல்லிவிட்டேன். தோள் வீங்கிக் கிடக்கிறது, தைலம் தேய்த்துவிட இங்கே ஆளில்லை.

உன்
ஜெயப்பிரகாஷ்