தௌஃபீக் பேசி முடிக்கும் வரை

தி. நகர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் உம்மே ஹானிக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ் துணை செய்யட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், உன் தம்பி தௌஃபீக்கைப் பற்றி அப்படி எழுதத்தான் கை வரவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து நம் வீட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் போன் அவனிடம் இருக்கிறது, அவன் போனில் கேமரா சரியில்லை. போன் கைக்கு வந்ததும் இந்தக் காகிதத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்புவேன். அம்மா கீழ்வீட்டுத் தங்கபுஷ்பத்தோடு காய் வாங்கப் போயிருக்கிறாள். எல்லாம் நீ ஏற்பாடு செய்த அந்த ஆன்லைன் கவுன்சிலிங்குக்காகத்தான்.

முதல் தடவை நடந்த கூத்தை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கவுன்சிலிங் செய்கிற மீனாட்சி மேடம் வீடியோவில் வருகிறார் என்றதும் சம்பந்தி வீட்டார் வருகிற மாதிரி உன் அம்மா ஹாலைப் பெருக்கி, நல்ல சேலை கட்டி, போனை பிளாஸ்க்கில் சாய்த்து வைத்து, தௌஃபீக்கை நடுவில் உட்கார வைத்தாள். கே.கே. நகரிலிருந்து உன் மாமா உபைத் வேறு வந்துவிட்டார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சாப்பிட்டாயிற்றா என்று அந்த மேடத்தை நாங்கள்தான் விசாரித்தோம். நங்கநல்லூர் என்றதும் பெருநாளைக்கு பிரியாணி கொடுத்தனுப்புவதாக அம்மா வாக்கே கொடுத்துவிட்டாள். அவர் தௌஃபீக்கிடம் எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்கு அவன் வாயைத் திறப்பதற்குள் மாமா, காரத்த கொறச்சா எல்லாம் சரியாப்பூடும் மேடம் என்றார். நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போனவன், கூட்டம் கலைந்த பிறகுதான் வெளியே வந்தான். அடுத்த முறை தௌஃபீக் தனியாகப் பேசட்டும் என்று மேடம் பக்குவமாகச் சொன்னார். பெத்தவளுக்குத் தெரியாம அவங்ககிட்ட பேச இன்னா கீது என்று உன் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

குடலில் புண், ரத்தமாகப் போகிறது என்பதை எங்களிடம் சொல்லவே அவனுக்கு மாசக்கணக்கில் ஆயிற்று. இப்போது மாத்திரையில் ரத்தம் நின்றிருக்கிறது, பயம் நிற்கவில்லை. கிண்டிக்கு வேலைக்குப் போகிற நாளில் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, பஸ்ஸில் நடுவழியில் வயிற்றுக்கு அவசரமாக வந்துவிட்டால் என்ன செய்வது என்றே யோசனை. வருகிற திங்கட்கிழமை வேலையை விட்டுவிடப் போகிறானாம். இனிமே வூட்டுலயே இருந்துர்றேன் அத்தா என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வயதில் வீட்டோடு முடங்கிவிட்டால் அவனை யார் மறுபடி வெளியே கொண்டுவருவது. நேற்று அவனே வந்து, நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போனா பேசிப் பாக்குறேன் என்றான். கரண்டி விழுந்தால் தெருவுக்குக் கேட்கிற வீட்டில் அவன் பாவம் எப்படிப் பேசுவான். பேசி முடித்ததும் ஜன்னலைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறான். அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். அழுகிறானோ, என்னைப் பற்றிக் குறை சொல்கிறானோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. மாடிப்படி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். இன்னா பாய், வூட்டுல சண்டையா என்று கடைக்கார முருகன் கேட்டுவிட்டார்.

நீ போன் பண்ணினால் எடுத்தவுடன் வயிறு எப்படி இருக்கு என்று கேட்காதே, மேடத்திடம் என்ன பேசினாய் என்றும் கேட்காதே. கைவைத்திய வீடியோ அனுப்பாதே. பேசுவது மாத்திரைக்குப் பதில் இல்லை, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று மேடமே சொல்லியிருக்கிறார். கிரிக்கெட் பேசு, மாப்பிள்ளை சமைத்துத் தீய்த்ததைச் சொல்லிச் சிரிக்க வை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு, குல்லா இல்லாமல் வெளியே போகாதே.

பேச்சு முடிய வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அம்மா காய்ப்பையோடு வந்து நின்று, இன்னும் தொறக்கலையா என்கிறாள். இவ்வளவு நேரம் அது எப்போது திறக்கும் என்று தவித்தவன், இப்போது மூடியே இருக்கட்டும் என்று துஆ கேட்கிறேன். அவன் ஒருவரிடம் இவ்வளவு நேரம் பேசி எத்தனை நாளாயிற்று. மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அம்மாவை உட்காரச் சொல்லி இரண்டு டீ சொல்லியிருக்கிறேன்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். திங்கட்கிழமைக்கு முன்னால் தம்பிக்குப் போன் பண்ண மறக்காதே.

உன் அத்தா,
பீர் முஹம்மது