சாந்தி வைத்த வரிசை

என் கண்ணு சாந்திக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவளுக்கு உடம்பு சுடுகிற மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் வைத்தேன். "காய்ச்சல் கொழந்தைக்கு இல்ல, உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு இவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் யாருக்கு உடம்பு சுட்டாலும் நான் தெர்மாமீட்டரைத் தேடி ஓடுகிறேன். உனக்கும் 'சாதாரணக் காய்ச்சல்தான்' என்றுதானே சொன்னார்கள்?

உன் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு உன் வீட்டுக்காரர் ஒரு மலர் அச்சடிக்கிறார். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், தன் பட்டுக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் கொடுக்கப்போகிறாராம். போன வாரம் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னிடம் கேட்டார். "நீங்கதான் அவகூட காலேஜ் படிச்சவங்க. அரைப் பக்கம் எழுதிக் குடுங்கம்மா. அவளோட அமைதி, பொறுமை, கோயில் குளம்னு இருந்தது, இதெல்லாம் வர்ற மாதிரி பாத்துக்குங்க." அட்டையையும் காட்டினார். உன் கல்யாணப் போட்டோவுக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'பெயருக்கேற்ற சாந்த சொரூபி, பொறுமையின் சிகரம்'.

சாந்த சொரூபியாம். மூன்று வருஷம் உன்னோடு செங்கல்பட்டு பஸ்ஸில் போய் வந்தவள் நான். வாலாஜாபாத் வருவதற்குள் நீ என்னை எத்தனை முறை முட்டாள் என்று திட்டியிருப்பாய்?

இந்த மலரைப் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். அந்த பஸ்ஸில் நாம் பேசியது சினிமாவும் இல்லை, புடவையும் இல்லை. டெஸ்ட் கிரிக்கெட் ஆடியவர்களிலேயே தலைசிறந்த பேட்ஸ்மேன் யார், அவருக்கு அடுத்து யார், அதற்கும் அடுத்து யார் என்று நாம் ஒரு வரிசை வைத்திருந்தோம். காலையில் ஒருவரை மேலே ஏற்றுவோம், சாயங்காலம் திரும்பி வரும்போது சண்டை போட்டு இறக்குவோம். முதலில் பெயர் சொல்லித்தான் பேசினோம். பின் சீட்டில் இருந்த பையன்கள் ஒரு நாள் ஒட்டுக் கேட்டுவிட்டு, "டேய், யாரு அழகா இருக்கான்னு ரேங்க் போடுதுங்கடா" என்றார்கள். பஸ்ஸே சிரித்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளையிலேருந்து எல்லாரும் நம்ம சொந்தக்காரங்க" என்று மட்டும் என் காதில் சொன்னாய்.

அப்படித்தான் அவர்களுக்கெல்லாம் முறை வைத்தோம். நாம் பிறப்பதற்கு முன்பே ஆடி முடித்துவிட்ட அந்த ஆஸ்திரேலியர் தாத்தா. ஹெல்மெட் போடாமல் முதல் ஆளாக இறங்கிய பம்பாய்க்காரர் பெரியப்பா. சூயிங்கம் மென்றுகொண்டே நிதானமாக நடந்து வருகிற வெஸ்ட் இண்டீஸ்காரர் மாமா. அதே தீவுகளின் இடது கை ஆட்டக்காரர் அத்தான். இன்னொரு பம்பாய்க்காரர், நம் வயதுக்காரர், சின்ன அண்ணன்.

ஒரு நாள் நீ எனக்காக ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "என்னதான் பெரிய ஆளா இருந்தாலும் உங்க தாத்தா கடைசியில ஒண்ணுமே எடுக்காம போய்ட்டாரே" என்று சீண்டினாய். ஒரு ரன்கூட எடுக்காமல் அவர் அவுட் ஆன கடைசி இன்னிங்ஸைத்தான் சொன்னாய். முன் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டது. "அழுவாதம்மா. போறப்ப யாருதான் என்னத்த எடுத்துக்கினு போனாங்க" என்று சொல்லி, எனக்கு ஒரு முழம் மல்லிகை கிள்ளிக் கொடுத்தது. நீ புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாய். காசு கொடுத்தபோது அந்த அம்மா வாங்க மறுத்துவிட்டது. துக்க வீட்டுக்காரியாம் நான்.

சண்டை எப்போதும் முதல் இடத்துக்குத்தான். நான் தாத்தாவை வைப்பேன். சராசரியில் அவருக்குப் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை, இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பேன். நீ பெரியப்பாவை வைப்பாய். "சராசரி பாத்து ஆளச் சொல்லாதடி. நாலாவது இன்னிங்ஸ்ல என்ன பண்ணான்னு பாரு" என்பாய்.

உன் வாதம் எனக்கு இன்னும் மனப்பாடம். "மொத நாள் ஆடறவனுக்குப் பாய் விரிச்சாப்பல தரை இருக்கும். அஞ்சாம் நாள் எல்லாரும் மிதிச்சி, கீறி, பேத்துட்டுப் போன எடத்துல வந்து நிக்கிறான் பாரு, பந்து எங்க எகிறும் எங்க தாழும்னு தெரியாம, அவன் எடுக்கிற ரன்னுக்குத்தான் நான் மார்க் போடுவேன்." பெரியப்பாவின் கடைசி டெஸ்டைத்தான் நீ அத்தாட்சியாகச் சொல்வாய். பந்து பாம்பு மாதிரி திரும்பிய தரையில் கடைசி நாள் தனியாக நின்று, சதத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவுட் ஆனார். நாம் தோற்றோம். "தோத்த மேட்ச்சுக்கா முதல் இடம்?" என்று நான் கத்துவேன். "முட்டாளே, தோத்ததாலதான்" என்பாய். இதுவாடி சாந்த சொரூபம்?

அப்புறம் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "பொழுதுபோக்கு என்னம்மா?" என்று உன் மாமியார் கேட்டார். நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு "கோலம் போடுவேன்" என்றாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நடிக்கிறாய், கல்யாணம் ஆனதும் பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன். கல்யாணத்தன்று பெண் வீட்டு வரிசையைத் தட்டுத் தட்டாக எண்ணி, குறையில்லை என்று அவர்கள் திருப்திப்பட்டார்கள். நம் வரிசை என்ன ஆயிற்று என்று நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பெரும்பாலும் கூடத்தில் மேட்ச் ஓடும். உன் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் உட்கார்ந்திருப்பார்கள். நாம் சமையலறையில் இருப்போம். நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டே காதைக் கூடத்துப் பக்கம் வைத்திருப்பாய். சத்தத்தை வைத்தே யார் அவுட் என்று உனக்குத் தெரிந்துவிடும். "அத்தான் போய்ட்டார்" என்று ஒரு நாள் மெல்லச் சொன்னாய். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த உன் மாமியார் பதறிப்போய், "எந்த அத்தான்மா, எப்போ?" என்றார். "இவங்க ஊர்க்காரரு ஒருத்தரு அத்தை, ரொம்ப நாளாவே முடியாம இருந்தாரு" என்று நீ கண் சிமிட்டாமல் சொன்னாய். உன் மாமியார் என்னைத் தலைக்கு ஊற்றிவிட்டு வரச் சொன்னார். அன்றைக்கு வெகு நாள் கழித்து நீ சிரித்ததைப் பார்த்தேன். அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் உன்னைப் பற்றிப் பாசமாகத்தான் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவளுக்குக் கிரிக்கெட்டுன்னாலே ஆவாதுங்க. டிவியப் போட்டா உள்ள எழுந்து போய்டுவா. ஒரே ஒரு தடவ என்னாச்சுன்னா, நாங்க நாலு பேரு கூடத்துல உக்காந்துக்கினு, உலகத்துலயே பெரிய பேட்ஸ்மேன் யாருன்னு ரேங்க் போட்டுக்கினு இருந்தோம். சென்னையில முதுகு வலியோட ஆடி மேட்ச்ச முடிக்காம போனானே, அவன்லாம் லிஸ்ட்டுலயே வரக்கூடாதுன்னான் ஒருத்தன். இவ காப்பிய வச்சிக்கினே, 'அது நாலாவது இன்னிங்ஸ் இல்லீங்களா'ன்னா. நாங்க அப்படியே பாக்குறோம். அவன் சும்மா இருப்பானா? 'நாலாவது இன்னிங்ஸ் இருக்கட்டும் தங்கச்சி, நாலாவது டம்ளர் எங்க?'ன்னான். மூணு டம்ளர்தான் எடுத்துக்கினு வந்திருந்தா. சிரிச்சி சிரிச்சி வயிறு வலிச்சிப் போச்சி எங்களுக்கு. அவளும் சிரிச்சா. டிவியில யாரோ சொன்னதக் கேட்டுட்டுச் சொல்லியிருப்பா, பாவம்."

நம் சின்ன அண்ணனுக்காகத்தானே வாய் திறந்தாய்? அவளும் சிரிச்சாளாம். சிரித்தாயா சாந்தி? சிரித்துவிட்டு உள்ளே போய் அந்த நாலாவது டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாயா? உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த நாலு பேரையும் பஸ்ஸில் என்னை மடக்கியதுபோல் ஒரு மணி நேரத்தில் மடக்கியிருப்பாய். உன் வீட்டுக்காரர் முதல் இடத்தில் யாரை வைத்தார் என்று கேட்டேன். தாத்தாவைத்தான். காரணமும் கேட்டேன். "உலகமே அதத்தான சொல்லுது" என்றார்.

நீ யார் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் என் மடியில் இருந்த உன் மகள் பவித்ரா முந்திக்கொண்டாள். "ஏம்ப்பா, அம்மாவுக்கு எத்தினியாவது டம்ளர்?" என்று கேட்டாள். கேள்வியைப் பார்த்தாயா உன் மகளுக்கு? உன் மாமியார் அதட்டினார். "பெரியவங்க பேசறப்ப இன்னா கேள்வி? உங்கம்மா இப்பிடியா இருந்தா? வாயத் தொறந்து நாங்க பாத்ததே இல்ல." குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு என் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இறந்தவளைப் புகழ்கிறார்கள், புகழ்ந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் புகழை எடுத்து உன் மகளின் வாயில் திணிக்கிறார்களே. நாள் கணக்கில் காய்ச்சலோடு இட்லிக்கு அரைத்தாய், கடை ஆட்களுக்குச் சமைத்தாய். "முடியலன்னு அவ சொல்லவே இல்லையே" என்று இன்றைக்கும் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். சென்னைக்குக் கொண்டுபோனபோது டாக்டர், ஏன் இவ்வளவு லேட் என்று கேட்டாராம். அந்த லேட்டுக்குத்தான் அட்டையில் பொறுமையின் சிகரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

உனக்கு ஒரு சேதி. இந்த முறை ஆஸ்திரேலியாவுக்கே போய் ஒரு டெஸ்ட் ஜெயித்தோம். மூன்றாவதாக இறங்குகிற அந்த அமைதியான ஆள் நாலாவது இன்னிங்ஸில் கடைசிவரை நின்று முடித்துக்கொடுத்தான். நான் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே பார்த்தேன், அழுதேன். அவன் வாய் திறக்காததை ஊரெல்லாம் உறுதி என்கிறது, வீரம் என்கிறது. உன் விஷயத்தில் மட்டும் அது ஏன் நல்ல மருமகள் ஆகிவிட்டது? அவனுக்கு இன்னும் நாம் முறை வைக்கவில்லை. தனியாக வைக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு டம்ளர் கேலிக்கு நீ ஆட்டத்தை விட்டு வெளியே வந்திருக்கக் கூடாது. தோற்றாலும் நின்றவனுக்குத்தான் முதல் இடம் என்று எனக்குச் சொன்னவள் நீ. என்னிடமாவது ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் அங்கேயே சண்டைக்கு நிற்பேன், அப்புறம் உன் வீட்டு வாசல் எனக்கு அடைபட்டுவிடும் என்று பயந்தாயா?

அந்தப் பயம்தான் இப்போது எனக்கு. உன் வீட்டுக்காரர் கேட்ட அரைப் பக்கத்தை எழுதிவிட்டேன். அமைதி, பொறுமை, கோயில் எல்லாம் இருக்கிறது. நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதன் பக்கத்தில் இந்தக் கடிதம் இருக்கிறது. பிரஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் அனுப்புகிறார். அரைப் பக்கத்தைக் கொடுத்தால் பவித்ரா அந்த அட்டையைப் படித்துத்தான் வளர்வாள். இதைக் கொடுத்தால் கூட்டாளிகள் முன்னால் அவருக்குத் தலைகுனிவு. அதோடு பவித்ராவை என்னிடம் விடுவதை நிறுத்திவிடுவார்கள். "உங்க வூட்டுக்கு வந்துட்டுப் போனாலே இது ரொம்பப் பேசுது" என்று உன் மாமியார் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. நீயாக மறைத்ததை நான் சொல்லலாமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அது உன் விருப்பமா, வேறு வழியில்லாமல் செய்ததா?

எது நடந்தாலும் ஒரு வாக்குத் தருகிறேன். உன் மகள் கேட்கிற கேள்வியை என் வீட்டில் யாரும் அடக்க மாட்டார்கள். அவள் வராமல் போனால், பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாவது அவளைப் பார்ப்பேன். எங்கம்மா எப்படி இருப்பாங்க பெரியம்மா என்று அவள் கேட்கிற அன்றைக்கு, சண்டைக்காரி என்று சொல்வேன். என்ன சண்டை என்பதையும் ஒன்று விடாமல் சொல்வேன்.

வேண்டாம் என்று உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் அரைப் பக்கத்தைக் கொடுத்துவிடுகிறேன். வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆளிடம் இந்தக் கடிதம்தான். சீக்கிரம் பதில் போடு சாந்தி.

உன்னைவிடக் கொஞ்சம் முன்னால் பிறந்ததால்
பவித்ராவுக்குப் பெரியம்மா ஆனவள்